ஆடியில் தெரியாத ஆயில்யம்

குற்றாலத்துக்குப் பக்கம் ஒரு பெரிய விடுதியில், வருகிற விருந்தாளிகளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் வானம் காட்டுகிறார்கள். ஓய்வு பெறுவதற்கு முன் கடைசிச் சில வருஷங்கள் நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் போன மாதம் வீடு தேடி வந்தார்கள். ஆளுக்கொரு கைப்பேசி. அதை வானத்துக்கு நேரே பிடித்தால் இது இன்ன நட்சத்திரம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. வாயைத் திறக்கிற வேலைகூட இவர்களுக்கு மிச்சம்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம் கேக்கணும். இப்ப விருந்தாளி கையில பட்டை கட்டி எண்ணிக்கிடுதோம். நீங்க மட்டும் அசுவினியில இருந்து ரேவதி வரைக்கும் ஒண்ணு விடாமக் கூப்பிட்டுத்தான் ஆள் எண்ணுவீங்க. அதுகூடப் போவட்டும். ஆடி மாசத்துல ஆயில்யத்துக்காரங்க ஒருத்தரும் வரலைன்னு தெரிஞ்சும் ஆயில்யம்னு கூப்பிட்டுட்டு, பதில் வரப்போற மாதிரி கொஞ்ச நேரம் நிப்பீங்களே, அது எதுக்கு? எங்களுக்கு முதுகு சில்லுன்னு ஆயிரும்."

எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நேரில் சொன்னால் இடையில் புகுந்து ஏதாவது கேட்பார்கள், எனக்குக் கோபம் வரும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது வானத்தின் மேல் ஆசைப்பட்டு அல்ல. எங்கள் வீட்டில் வயல் இருந்தது. அதில் இறங்க எனக்கு முன்னால் அண்ணன்மார் வரிசையாக இருந்தார்கள். எனக்கு மிஞ்சியது டிரைவர் லைசென்ஸ். சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் லாட்ஜ் வைத்திருந்த ஞானமுத்து சார், வேன் வாங்கிவிட்டு ஓட்ட ஆள் தேடுகிறார் என்றார்கள். போய் நின்றேன்.

"பீடி குடிப்பியா?" என்றார். இல்லை என்றேன்.

"இருட்டுல பயம் உண்டா?" உண்டு என்றேன்.

"நல்லது. பயம் இல்லாதவன் பாறையில இருந்து விழுவான். நாளைக்கு வா."

நேர்காணல் அவ்வளவுதான். இருபத்தேழு நட்சத்திரத்தையும் வானத்தில் அடையாளம் கண்டுகொள்ள ஒரு வருஷம் பிடித்தது. யாராக இருந்தாலும் அவ்வளவு பிடிக்கும், இதில் பெருமை பேச ஒன்றும் இல்லை.

சார் பாளையங்கோட்டைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறாதவர். இளவயதில் சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்து, நட்சத்திரத்தை வைத்துக் கப்பலுக்கு வழி பார்த்தவர். கப்பலை விட்டு இறங்கும்போது ஒரு டெலஸ்கோப்போடு இறங்கினார். சங்கரன்கோவிலுக்கு வருகிறவர்கள் சாமி கும்பிட்டு, புற்றுமண் எடுத்து, குற்றாலத்தில் குளித்து முடித்த பிறகு ஒரு சாயங்காலம் சும்மா கிடக்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டார். இன்னொன்றையும் கண்டுகொண்டார். நம் ஆட்களுக்குத் தங்கள் நட்சத்திரத்தின் பெயர் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது சொல்வது அதைத்தான். கல்யாணம் பொருந்துவதும் முறிவதும் அதை வைத்துத்தான். ஆனால் அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை.

"பொண்டாட்டி முகத்தைப் பாக்காமலே குடும்பம் நடத்துத மாதிரில்லாவே இருக்கு" என்பார் சார். லாட்ஜ் வாசலில் ஒரு பலகை வைத்தார்: உங்கள் நட்சத்திரத்தை நேரில் காணுங்கள். கூட்டத்துக்குக் குறைவே இருக்கவில்லை.

ஊருக்கு மேற்கே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மொட்டைப் பாறை உண்டு. அதுதான் எங்கள் இடம். வேன் ஊரைத் தாண்டும் வரை தறிச் சத்தம் கூடவே வரும். அப்புறம் அது நின்றுபோய்க் காற்றுச் சத்தம் மட்டும் இருக்கும். பாறையில் ஏறி நின்றால் மேற்கே மலை கறுப்பாக ஒரு கோடு. தென்காசி ரயில் போகும்போது என்ஜின் அடுப்பின் சிவப்பு வெளிச்சம் கொஞ்ச தூரம் தெரிந்து மறையும். ஆடு மேய்க்கிறவர்கள் விளக்கு வைத்த பிறகு அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பேச்சு பேசுவார்கள்.

வேனில் ஏறும்போதே ஒவ்வொருவரிடமும் நட்சத்திரத்தைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நட்சத்திரம் இல்லாத ஆட்களும் வருவார்கள். கடையநல்லூர் ஜவுளிக்காரர் ஒருவர், "எங்களுக்கு அதெல்லாம் கெடையாது சார், என்னைய வெள்ளின்னு கூப்பிடுங்க" என்றார். அதிலிருந்து அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கிரகத்தின் பெயரைக் கொடுத்துவிடுவோம். பாறை விளிம்பை ஒட்டிக் கயிறு கட்டியிருக்கும். ஜமுக்காளத்தில் பெண்கள் வடக்கே, ஆண்கள் தெற்கே. உட்கார்ந்ததும் எல்லா வெளிச்சத்தையும் அணைத்துவிட வேண்டும். டார்ச், தீப்பெட்டி, பீடிக் கங்கு எதுவும் கூடாது. ஒரு தடவை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழகுவதற்குள் பாதி வானம் போய்விடும்.

அந்த இருட்டில் பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாது. அதனால் ஆள் எண்ணுவது குரலை வைத்துத்தான். சார் நின்றுகொண்டு கூப்பிடுவார். "அசுவினி?" இருந்தால், "இருக்கேன்." "பரணி?" "இருக்கேன்." ஒரே நட்சத்திரத்தில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு குரல். வந்தவுடன் ஒரு தடவை, இறங்குவதற்கு முன் ஒரு தடவை. அன்றைக்கு ஆள் இல்லாத நட்சத்திரத்தையும் அவர் விடமாட்டார். கூப்பிட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்து, அடுத்ததற்குப் போவார். கப்பல் பழக்கம். "இல்லைன்னு நீ நெனைச்சுக்கிட்டு விட்டுராதே. கூப்பிட்டுப் பாத்துட்டு விடு" என்பார். ரேவதி முடிகிற வரை யாரும் எழக்கூடாது, யாரும் டார்ச் அடிக்கக்கூடாது. இந்தச் சட்டத்துக்கு அவரிடம் விலக்கே கிடையாது.

அவருடைய இன்னொரு சட்டம், இல்லாததைக் காட்டக்கூடாது. ஒரு ஆடியில் ரைஸ்மில் முதலாளி ஒருவர் மாமனார் வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நட்சத்திரம் ரோகிணி. ஆடி மாதம் பொழுதடைந்த நேரத்தில் ரோகிணி எங்கே தெரியும்? சார் பூமியைச் சுட்டினார்.

"உங்க நட்சத்திரம் இப்ப உங்க காலுக்கு நேர் கீழே, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"என் காலுக்குக் கீழயா?" என்றார் முதலாளி. மாமனார் இருமினார். "ஏதாவது ஒண்ணைக் காட்டிருங்க சார், அவருக்கென்ன தெரியவா போவுது" என்று கூட வந்த ஒருவர் சாரின் காதைக் கடித்தார். சார் அசையவில்லை. முதலாளி அந்தக் கோபத்தில் ரோடு வரை நடந்தே போய்விட்டார். தை மாதம் பிறந்ததும் தனியாக வந்து ரோகிணியைப் பார்த்துவிட்டு, ஒரு தார் வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆயில்யத்தோடு எங்களுக்கு எப்போதும் தகராறுதான். ஆயில்யம் பாம்பின் நட்சத்திரம். சங்கரன்கோவிலில் நாகதோஷத்துக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்களில் ஆயில்யத்துக்காரர்கள் நிறைய. அவர்கள் கூட்டமாக வருவது ஆடித்தபசுத் திருவிழாவுக்கு. ஆனால் ஆடியில் சூரியன் போய் உட்காருவது அந்த ஆயில்யத்துப் பக்கம்தான். சூரியனோடு எழுந்து சூரியனோடு விழுந்துவிடும். எந்த மாதம் ஆயில்யத்துக்காரர்கள் அதிகம் வருகிறார்களோ, அந்த மாதம் ஆயில்யம் வானத்தில் கண்ணுக்குத் தெரியாது. "தையில வாங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆடியில் பாறைக்குப் போக எனக்குப் பிடிக்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. நாங்கள் போகும் முன்பே அங்கே ஒருவர் இருப்பார்.

முதல் வருஷம் அதைப் பாறையில் துருத்திய கல் என்றுதான் நினைத்தேன். மேற்கு விளிம்பில், கயிற்றுக்கு அந்தப் பக்கம், தலையோடு முகத்தையும் சேர்த்து மூடிய ஓர் உருவம். ஆடிக்காற்று அம்மியைப் பறத்துகிற காற்று. எங்கள் வேட்டி, ஜமுக்காளம், பெண்கள் தலைப்பு எல்லாம் படபடக்கும். அந்த உருவம் மட்டும் அசையாது. ஆள் எண்ணும்போது எதற்கும் பதில் சொல்லாது. டார்ச்சை எடுக்கப் போன என் கையைச் சார் பிடித்தார். "அந்தப் பக்கம் வெளிச்சம் போகக்கூடாது" என்றார். பிறகு பிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பியை ஒரு டம்ளரில் ஊற்றி, விளிம்பில் ஒரு கல் மேல் வைத்துவிட்டு வந்தார். இறங்கும்போது டம்ளர் காலியாக இருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

பேய்க்குக் காப்பி ஊற்றுகிற கிறிஸ்தவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேனை ஓட்டிக்கொண்டே கேட்டேன். "ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார். அடுத்த ஆடியிலும் அதே இடம், அதே இருப்பு. மற்ற மாதங்களில் அந்த இடம் வெறும் பாறை. நான் வீட்டில் சொன்னேன். எங்கள் அம்மா இடுப்பில் மந்திரித்த கயிறு ஒன்றைக் கட்டி அனுப்பினாள். கட்டிக்கொண்டு போனேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஸ்கைலாப் விண்கலம் விழுந்த வருஷத்து ஆடிக்கு வருகிறேன். ஆகாயத்திலிருந்து ஒரு பெரிய இரும்பு யார் தலையிலோ விழப்போகிறது என்று ஆனி மாதம் முழுக்க டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. அது எங்கேயோ கடல் தாண்டிப் போய் விழுந்த பிறகும், மேலே பார்க்கிற பயம் ஜனங்களை விடவில்லை. தபசு முடிந்து நிலா எழ நேரமாகிற நாளாகப் பார்த்து நாங்கள் கிளம்பினோம். ராயகிரியிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருந்த ஒரு குடும்பம் வேனில் ஏறியது. வயதான ஒரு தாயார், அவருடைய இளைய மகன் முருகையா, மூத்த மருமகள் கோமதி.

நட்சத்திரம் கேட்டேன். "நான் உத்திரம்யா. என்னது கெடக்கட்டும். என் மூத்தவனுக்குத்தான் பாக்கணும், அவன் ஆயில்யம்" என்றார் தாயார். "இவ மகம். மகத்துல பொறந்தவ ஜெகத்தை ஆளுவான்னு சொல்லித்தான் எடுத்தோம். எங்க வீட்டு அடுப்பை ஆளுதா."

கோமதி அதற்குச் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். தாலிச் சரட்டை ரவிக்கைக்குள் விடாமல் மேலே தெரியப் போட்டிருந்தாள்.

"மூத்தவர் வரலியா?" என்று கேட்டேன்.

முருகையா என்னை வேனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். "ஆள் இல்ல அண்ணாச்சி. தென்காசி வரை போயிட்டு வாரேன்னு ரயில் ஏறினவன். பன்னெண்டு வருசம் ஆகப்போவுது. ஒரு தகவல் இல்ல. பன்னெண்டு முடிஞ்சா தர்ப்பையில உருவம் செஞ்சு எரிச்சு, காரியம் பண்ணிறணும்னு முறை. மதினி மகளுக்கு வயசு வந்தாச்சு. அப்பன் இருக்கானா செத்தானான்னு கேக்குதவனுக்கு நாங்க என்ன பதில் சொல்ல? எங்கம்மா ஒரே பிடியா நிக்கா. அவன் நட்சத்திரம் கண்ணுல பட்டா ஆள் இருக்கான், காரியம் வேண்டாம். படலைன்னா நாளைக்குக் காலையில இங்கனயே முடிச்சிருவோம்னு ஒத்துக்கிட்டா. தர்ப்பை வாங்கி வச்சாச்சு."

நாளைக்குக் காலையில் அந்தப் பெண்ணின் தாலி இறங்கப்போகிறது. அதற்குச் சாட்சியாக அவர்கள் நம்பி வந்திருக்கும் நட்சத்திரமோ, ஆடியில் யாருக்குமே தெரியாத நட்சத்திரம். ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னேன். "சித்திரையைக் காட்டி இதுதான் ஆயில்யம்னு சொல்லிருவோமா சார்? யாருக்கு நஷ்டம்?"

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்தத் தாலியக் காப்பாத்த இன்னைக்கு நீ பொய் சொல்லுவ. நாளைக்கு இன்னொருத்தன் ஒரு தாலிய அறுக்க அதே பொய்யைச் சொல்லுவான். அப்ப என்ன செய்வ?" பிறகு அவரே முருகையாவிடம் போய், நட்சத்திரம் தெரிவதற்கும் ஆள் உயிரோடு இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று விளக்கினார். "எனக்குத் தெரியுது சார். எங்கம்மாவுக்குத் தெரியணுமே" என்றார் முருகையா. தாயார் வேனில் முன் ஸீட்டில் உட்கார்ந்து பாறை இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாறையில் அன்றைக்குக் காற்று சொல்லி முடியாது. மேற்கு விளிம்பில் அந்த உருவம் வழக்கம்போல இருந்தது. நான் பார்க்காத மாதிரி கயிற்றைச் சரிபார்த்தேன். ஆள் எண்ணி முடித்து, இருட்டு நன்றாக இறங்கியதும் சார் கேட்டையின் சிவப்பைக் காட்டினார், சுவாதியைக் காட்டினார், தலைக்கு நேராக இருப்பது என்ன, கிழக்கே எழுவது என்ன என்று சொன்னார். ஒவ்வொருவராக வந்து பார்த்துப் போனார்கள். கடைசியாகத் தாயார் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஆயில்யம் எங்கனய்யா?"

சார் அவர்களை மேற்கு விளிம்புப் பக்கம் நகர்த்திக் கூட்டிக்கொண்டு போய், மலைக்கு மேலே காட்டினார். "அந்தா, சூரியன் விழுந்த இடம். அதோடயே ஆயில்யமும் இறங்கிருச்சு. இப்ப தெரியாது. தை, மாசியில ராத்திரி பூரா தெரியும். இப்ப இல்லைங்கிறதுக்கு வேற அர்த்தம் எதுவும் கிடையாதும்மா."

"இல்லைன்னா இல்லைதானய்யா" என்றார் தாயார். காற்றை மிஞ்சி அழத் தொடங்கினார். "சங்கரலிங்கம், ஒனக்கு நாளைக்குக் கொள்ளி வைக்கப் போறாகளே, நான் பெத்த மகனே." மகன் பெயரையும் ஊரையும், போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் சொல்லிச் சொல்லி அழுதார். ரவிக்கைக்கு மேலே கிடந்த சரட்டைக் கோமதி உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டது, பக்கத்தில் நின்ற எனக்கு வளையல் சத்தத்தில் தெரிந்தது.

இறங்க நேரமாயிற்று. எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். சார் கூப்பிட்டார். அசுவினி, பரணி, கார்த்திகை. ஆள் இருந்த இடத்தில் பதில் வந்தது, இல்லாத இடத்தில் காற்று வந்தது. புனர்பூசம், பூசம். "ஆயில்யம்?" என்றார் சார். அன்றைக்கு ஆயில்யத்தில் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வழக்கம்போல ஒரு மூச்சு நேரம் நின்றார்.

மேற்கு விளிம்பிலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"இருக்கேன்."

ஆண் குரல். காற்று அதை எங்கள் எல்லோர் மேலும் கொண்டுவந்து போட்டது. கூட்டத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். "எவம்லே அது" என்று முருகையா எழுந்த சத்தம் கேட்டது. "டார்ச்சு, டார்ச்சக் கொண்டாங்க."

"ரேவதி முடியட்டும்" என்றார் சார். அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "யாரும் எந்திரிக்கக் கூடாது. விளிம்பு பக்கத்துல இருக்கு. மகம்?"

மகத்திலிருந்து பதில் இல்லை.

சார் காத்திருந்தார். ஒரு மூச்சு நேரம் அல்ல, அதற்கு மேலேயே காத்திருந்தார். "மகம்?" என்று மறுபடி கேட்டார்.

"இருக்கேன்" என்றாள் கோமதி. வந்தவுடன் எண்ணியபோது அவளுக்கும் சேர்த்து மாமியாரே சொல்லியிருந்தார்; அவள் குரலை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிட்ட மாதிரி மெதுவாக எவரும் நட்சத்திரம் கூப்பிட்டிருக்க முடியாது. பூரம். உத்திரம். அஸ்தம். பெயருக்குப் பெயர் நின்று, தொண்டையைக் கனைத்து, ஒரு தடவை கூப்பிட்டதையே மறந்தவர்போல மறுபடி கூப்பிட்டு, சதயம் வருவதற்குள் மலைப் பக்கம் ரயில் ஒன்று வந்து போய்விட்டது. "ரேவதி" என்று முடித்ததும் முருகையா என் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கி மேற்கே அடித்தார். கல் மேல் காலி டம்ளர் இருந்தது. அவ்வளவுதான்.

வேனில் திரும்பினோம். ஊர் வெளிச்சம் தெரிந்த பிறகு முருகையாவுக்குத் தைரியம் வந்தது. "பாத்தியாம்மா, அவன் இல்லைன்னு அவனே வந்து சொல்லிட்டான். பாறையில இருக்கது அவன் ஆவிதான். இனிமேலும் காரியம் பண்ணாமப் போட்டு வச்சோம்னா பாவம்."

தாயார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பின்னாலிருந்து கோமதி சொன்னாள்: "பேசுததுக்கு முன்னால தொண்டையைச் செருமினாக. எப்பவும் அப்படித்தான் செருமுவாக. பேய்க்குச் சளி பிடிக்குமா தம்பி?"

மறுநாள் காரியம் நடக்கவில்லை. தர்ப்பைக் கட்டு லாட்ஜ் அறையிலேயே கிடந்தது. நான்தான் எடுத்துப் போட்டேன்.

பாறையிலிருந்து இறங்கிய ராத்திரியே சார் எனக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார். சங்கரலிங்கத்துக்குப் பெருவியாதி என்று அப்போது சொல்வார்களே, அந்தத் தொழுநோய் கண்டிருந்தது. வெளியே தெரிந்தால் வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள், மகள் வாசலை யாரும் மிதிக்கமாட்டார்கள் என்று, தென்காசிக்கு ரயில் ஏறியவர் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் போய் இறங்கிவிட்டார். சாரின் அக்கா அங்கே நர்ஸ். நோய் நின்றுவிட்டது. கைவிரலும் மூக்கும் நிற்கவில்லை. வருஷா வருஷம் தபசுக்கு வந்து, கூட்டத்தில் தூரமாக நின்று ஊர்க்காரர்களைப் பார்ப்பார். பிறகு ஒரு சாயங்காலம் பாறைக்கு வருவார். முகம் தெரியாத இருட்டில் நாலு பேரோடு சேர்ந்து உட்கார அவருக்கு அந்த ஓர் இடம்தான் இருந்தது. கூட்டம் இறங்கிய பிறகு டெலஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாலும் மாட்டாராம். ஊர், பேர் எதையும் அவர் சொன்னதில்லை, சாரும் கேட்டதில்லை. ஆயில்யத்துக்கு "இருக்கேன்" என்று குரல் வந்தபோதுதான், தாயார் அழுதது இவருக்காக என்று சாருக்கும் தெரிந்தது. இத்தனை காலம் நான் பேய் என்று பயந்தது ஒரு மனிதன் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்ததை.

காரியம் நின்றுபோன அன்று காலையில் கோமதி சாரிடம் வந்து நின்றாள். "எங்க இருக்காகன்னு சொல்லுங்க."

"அவரு சொல்லச் சொன்னா சொல்லுதேன்மா" என்றார் சார். ஆள் அனுப்பிக் கேட்டார். மகள் கல்யாணம் முடிகிற வரை வேண்டாம் என்று பதில் வந்தது. கோமதிக்கு அப்போது வந்த கோபம்! "கை இல்லைன்னா நான் ஊட்ட மாட்டேனா? மூஞ்சி எப்படி இருந்தா எனக்கென்ன? பன்னெண்டு வருசம் தெருவுல ஒவ்வொருத்தன் கேட்ட கேள்விக்கும் நான்லா பதில் சொன்னேன். அவுகளுக்கு என்ன வெக்கம்?" என்று சொல்லி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த ஆடிக்கு வாரேன்னு சொல்லுங்க" என்றாள்.

வந்தாள். ஒவ்வொரு ஆடியும் வந்தாள். தாயார் காலமான வருஷமும் வந்தாள். நான் பெண்கள் ஜமுக்காளத்தை மேற்கு விளிம்பு வரை நீட்டிப் போடுவேன். டெலஸ்கோப்பைக் காற்றைச் சாக்காகச் சொல்லிக் கிழக்கே நகர்த்திவிடுவேன். அவர்கள் பேசினார்களா, என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சுக்குக் காப்பி இரண்டு டம்ளர் வைப்பேன். ஆள் எண்ணும்போது, "ஆயில்யம்?" என்றால் ஒரு செருமல், பிறகு "இருக்கேன்." "மகம்?" என்றால் உடனே "இருக்கேன்." வந்திருக்கும் மற்றவர்களுக்கு அவர் ஒரு பயணி, அவ்வளவுதான். கீழே இறங்கியதும் ஒருவர் குறைவதை எந்த விருந்தாளியும் கவனித்ததில்லை.

வால்நட்சத்திரம் வந்த வருஷம் எங்களுக்குப் பங்குனி முழுக்க ஓய்வில்லை. மதுரையிலிருந்தெல்லாம் வந்து குவிந்தார்கள். வால்நட்சத்திரம் கெட்ட சகுனம் என்று பாதிப்பேர் பயந்தார்கள், பயந்துகொண்டே வரிசையில் நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வானம் காட்டுவது, ஆள் எண்ணுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. சாரின் அக்கா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்குத் தகவல் வருகிற வழி அத்தோடு அடைந்துபோனது; எந்த ஆஸ்பத்திரி என்று சார் என்னிடமும் சொன்னதில்லை.

அந்த ஆடியில் கோமதி வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. தையில் மகள் கல்யாணம் முடிந்திருந்தது. மகளைக் கட்டிய இடத்தில் எல்லாம் சொல்லியாகிவிட்டது, அவர்களும் ஒத்துக்கொண்டார்கள் என்றாள். போன ஆடியிலேயே பேசி முடித்திருக்கிறார்கள்: கல்யாணம் கழிந்து அடுத்த ஆடிக்கு வீட்டுக்கு வருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தாராம். பையைத் திறந்து காட்டினாள். புது வேட்டியும் சட்டையும். "பித்தான் வச்சது வேண்டாம்னு தலை வழியா மாட்டுத சட்டையாத் தைக்கச் சொன்னேன் அண்ணாச்சி. அவுகளே போட்டுக்கிடலாம்லா" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பாறையில் ஏறியபோது மேற்கு விளிம்பில் யாரும் இல்லை. நேரமாகியிருக்கும், வருவார் என்று நினைத்தேன். டம்ளர் இரண்டை வைத்தேன். கேட்டையைக் காட்டினேன், சுவாதியைக் காட்டினேன், வாய் என்னமோ பேசியது. கோமதி விளிம்பில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு டம்ளர் காப்பி தொடாமல் ஆறிப்போயிருந்தது.

இறங்கும் நேரம் வந்தது. கூப்பிட ஆரம்பித்தேன். பூசம் வரை எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

"ஆயில்யம்?"

காற்று மட்டும் வந்தது. ஒரு மூச்சு நேரம் நின்றேன். செருமல் வரும் என்று காதை விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றேன். மறுபடி கூப்பிட்டேன். கூட்டத்தில் யாரோ, "ஆள் இல்லைன்னா விட்டுட்டுப் போங்க" என்றார்கள். விட என்னால் முடியவில்லை, அதற்குப் பிறகு எந்த ஆடியிலும் முடிந்ததில்லை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, விளிம்பிலிருந்து பை மூடுகிற சத்தம் கேட்டது.

"போதும் அண்ணாச்சி" என்றாள் கோமதி. "மகத்தைக் கூப்பிடுங்க."

"மகம்?" என்றேன்.

"இருக்கேன்" என்றாள்.